காமா குறைவு, தடைத்திறன் கூட: காஸ் எண்டு எழுதிவிடலாமா?

மே 3, இரவு 8.40
அறிவியல்நகர் மாணவி

பயிற்சிக்குத் தந்த ஒரு கிணற்று லொக் (துளைச்ச கிணற்றுக்குள்ளே கருவி இறக்கிப் பாறையை ஆழம் ஆழமாய் அளந்த பதிவு). கடலடிக் கிணறு. மூன்று இடம் கண்ணில் படுகுது.

2,810 முதல் 2,832 மீற்றர்: காமா (பாறையின் இயற்கைக் கதிர்வீச்சு) 45 ஏபிஐ அலகு, ஆழத் தடைத்திறன் (சுவரிலிருந்து தள்ளி உள்ளே அளந்த மின்தடைத்திறன்) 20 ஓம் மீற்றர், அடர்த்தி கன சென்ரிமீற்றருக்கு 2.20 கிராம், நியூத்திரன் (ஐதரசனை வைச்சுத் துளையின் அளவைச் சொல்லுற கருவி) 8 வீதம்.
2,846 முதல் 2,860 வரை: காமா 45, தடைத்திறன் 1.9, அடர்த்தி 2.30, நியூத்திரன் 17.
2,905 முதல் 2,930 வரை: காமா 25, தடைத்திறன் 200, அடர்த்தி 2.85.

இடையில் உள்ள ஷேலில் (களிப்பாறையில்) காமா 120. ஆகச் சுத்தமான மணலில் 30. படை வெப்பநிலை 85 பாகை எண்டு தலைப்பில் போட்டிருக்கு.

காமா குறைந்தால் மணல், தடைத்திறன் கூடினால் காஸ். அப்படிப் பார்த்தால் மூன்றாவதுதான் ஆகப் பெரிய காஸ் படை. இரண்டாவதிலும் அடர்த்திக் கோடும் நியூத்திரன் கோடும் வெட்டுது, ஆனபடியால் அங்கேயும் கொஞ்சம் காஸ் இருக்கு. சரிதானே அண்ணை?

மே 3, இரவு 9.55
பதில்

மூன்றில் ஒன்றுதான் காஸ். முதலாவது.

மூன்றாவதை முதலில் தள்ளுங்கோ. அது மணலே இல்லை. குவார்ட்ஸின் அடர்த்தி 2.65. துளையே இல்லாத மணற்கல் எண்டாலும் அதுக்கு மேலே போகாது. துளை இருந்தால் குறையும், அந்தத் துளையில் காஸ் இருந்தால் இன்னும் குறையும். 2.85 எண்டு நிக்கிறது பெரும்பாலும் பசால்ட். பசால்ட்டில் பொற்றாசியமும் தோரியமும் குறைவு, அதனால் காமா விழும். துளை இறுகினது, அதனால் தடைத்திறன் ஏறும். இரண்டு கோட்டை மட்டும் பார்த்தால் அருமையான காஸ் மணல் மாதிரியே கிடக்கும். மன்னார்ப் படுகையில் எரிமலைப் பாறை உண்டு, ஆகவே இந்தப் பொறி எங்கட கடலுக்கு வெறும் பாடப்புத்தகப் பொறி இல்லை. அந்த ஆழத்தில் வந்த துளைத்தூளை எடுத்துப் பாருங்கோ. கருநிறக் கல்லும் வெள்ளை மணியும் வெறுங் கண்ணுக்கே வேறு வேறாய்த் தெரியும்.

இரண்டாவதுக்கு நாளைக்கு வாறன். முதலாவதுக்கு அவசரக் கணக்கு: அடர்த்தியிலிருந்து துளைமை (பாறையில் துளை எத்தனை வீதம்) 2.65 கழித்தல் 2.20, அதை 1.65 ஆல் (2.65 இலிருந்து நீரின் 1 ஐக் கழிச்சது) வகுக்க 27 வீதம். கடல்நீர் அளவு உப்பு எண்டு எடுத்தால் நீர்த் தடைத்திறன் 25 பாகையில் 0.19, அதை 85 பாகைக்குக் கொண்டுபோனால் 0.083. துளைமையையும் தடைத்திறனையும் வைச்சுத் துளைக்குள்ளே நீர் எவ்வளவு எண்டு சொல்லுற சமன்பாடு ஆர்ச்சி 1942இல் தந்தது. அதில் போட நீர் நிரம்பல் 24 வீதம். மிச்சம் 76 வீதம் காஸ்.

மே 4, காலை 6.20
பதில்

இரண்டாவது படை. நியூத்திரன் கோடு எந்த அளவிடையில் வரைஞ்சிருக்கு எண்டு லொக்கின் தலைப்பில் பாருங்கோ. அடர்த்தி 1.95 இலிருந்து 2.95, நியூத்திரன் 45 இலிருந்து கழித்தல் 15 எண்டு இருந்தால் அது சுண்ணாம்புக்கல் அளவிடை. வழக்கமாய் அதிலதான் அச்சடிக்கிறது.

அந்த அளவிடையில் நீர் நிரம்பின சுத்தமான மணற்கல்லே வெட்டும்! உங்கட இரண்டாவது படையை வைச்சே பாருங்கோ. 2.30 ஐச் சுண்ணாம்புக்கல் எண்டு நினைச்சு, 2.71 இலிருந்து கணக்குப் போட்டால் 24 வீதம். நியூத்திரன் 17. இடைவெளி 7. இதைக் கண்டவுடன் மஞ்சள் பூசிக் காஸ் எண்டு எழுதுறது ஆகக் கனக்க நடக்கிற பிழை. மணற்கல்லாய்த் திருத்துங்கோ: அடர்த்தியை 2.65 இலிருந்து கணக்கிட 21, நியூத்திரனுக்கு 4 கூட்ட 21. இரண்டும் ஒன்று. துளையில் நீர் மட்டும்தான்.

முதலாவதுக்கு அதே திருத்தம்: அடர்த்தியில் 27, நியூத்திரனில் 12. இப்ப 15 இடைவெளி. இதுதான் காஸின் முகம். காஸில் ஐதரசன் ஐதாய் இருக்கிறதால் நியூத்திரன் கருவி துளையைக் குறைச்சுச் சொல்லும். காஸ் பாரம் குறைஞ்சதால் அடர்த்திக் கருவி துளையைக் கூட்டிச் சொல்லும். இரண்டும் எதிர்ப்பக்கமாய்ப் பொய் சொல்லுறதுதான் எங்களுக்கு உதவி.

மே 4, காலை 6.45
பதில்

மேலே எழுதினதோடு நேற்றைய 24 வீதம் விழுந்துபோச்சு. கூட்டிச் சொல்லுது எண்டு தெரிஞ்சுகொண்டே அடர்த்தித் துளைமை 27 ஐ அப்படியே ஆர்ச்சியில் போட்டது பிழை. திருத்துறன்.

27 இன் வர்க்கத்தையும் 12 இன் வர்க்கத்தையும் கூட்டி, பாதியாக்கி, வர்க்கமூலம் எடுங்கோ. 21 வரும். உண்மைத் துளைமைக்கு இது கிட்டின மதிப்பு. கீழே உள்ள நீர் மணலும் 21 எண்டது ஆறுதலான விஷயம்: ஒரே மணல், ஒரே துளை, உள்ளே இருக்கிறது மட்டும் வேற.

நீர்த் தடைத்திறனையும் கடல்நீர் எண்டு ஊகிக்கத் தேவையில்லை. இரண்டாவது படையே சொல்லுது: 1.9 ஐ 0.21 இன் வர்க்கத்தால் பெருக்க 0.084. ஊகம் நல்லாய் ஒத்துவருது, ஆனாலும் கிணறு தந்த எண்ணைத்தான் பாவிக்க வேணும்.

புதுக் கணக்கு: 0.084 ஐ, 0.21 இன் வர்க்கத்தாலும் 20 ஆலும் வகுத்து வர்க்கமூலம் எடுக்க 0.31. நீர் 31 வீதம், காஸ் 69.

சின்ன வித்தியாசம் எண்டு விடவேண்டாம். 20 மீற்றர் தேறின மணல், ஒரு சதுர கிலோமீற்றர் பரப்பு எண்டு வையுங்கோ. பிழையான துளைமை, காஸ் வீதச் சோடியில் துளைக்குள்ளே காஸ் 41.7 இலட்சம் கன மீற்றர். சரியான சோடியில் 29 இலட்சம். 4,120 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு இறாத்தல்) அமுக்கம், 85 பாகை, அமுங்கற் காரணி (காஸ் இலட்சிய வாயுவிலிருந்து விலகுற அளவு) 0.95 எண்டால் அங்கே இருக்கிற ஒரு கன மீற்றர் மேலே வந்து 238 கன மீற்றராய் விரியும். அதாவது 99 கோடிக்கும் 69 கோடிக்கும் உள்ள வித்தியாசம். இல்லாத 30 கோடி கன மீற்றர் காஸ், ஒரு சதுர கிலோமீற்றருக்குள்ளே, ஒரு துளைமை எண்ணால் மட்டும் முளைக்குது.

மே 4, மாலை 5.30
முருங்கன் பக்கம் குழாய்க்கிணறு லொக் எடுக்கிறவர்

எங்களுக்கு இது தலைகீழ் அண்ணை. முருங்கன், முழங்காவில், பரந்தன் பக்கத்து ஆழமான சுண்ணாம்புக்கல், மணற்கல் படையில் தடைத்திறன் கூடினால் நல்ல தண்ணி, விழுந்தால் உவர். காஸ் எண்ட கதையே இல்லை. கடலில் மட்டும் ஏன் கூடினால் காஸ்?

மே 4, இரவு 9.10
பதில்

இந்த இழையின் மையமே இந்தக் கேள்விதான்.

மணியும் கடத்தாது, காஸும் கடத்தாது, நன்னீரும் பெரிசாய்க் கடத்தாது. கடத்துறது உப்பு. தடைத்திறன் கருவி காஸைக் காணுறதில்லை, உப்புத் தண்ணி இல்லாததைத்தான் காணுது. அது இல்லாமல் போனது காஸ் வந்ததாலா, தண்ணி நன்னீர் எண்டதாலா, துளையே இல்லாததாலா எண்டு அந்தக் கோட்டுக்குத் தெரியாது.

உங்கட ஈசி மீற்றரில் (தண்ணியின் மின்கடத்துதிறனைச் சென்ரிமீற்றருக்கு மைக்ரோசீமன்ஸில் அளக்கிறது) வாற எண்ணை வைச்சே கணக்குப் போடலாம். 10,000 ஐ ஈசியால் வகுத்தால் நீர்த் தடைத்திறன் ஓம் மீற்றரில் வரும். ஈசி 1,000 உள்ள குடிதண்ணி 10 ஓம் மீற்றர். ஈசி 50,000 உள்ள கடல்நீர் 0.2. ஐம்பது மடங்கு. துளைமை 30 வீதமான மணலில் அந்தக் குடிதண்ணி மட்டும் நிரம்பியிருந்தால் படை 110 ஓம் மீற்றர் காட்டும். மாணவியின் காஸ் மணல் காட்டுறது வெறும் 20. இரண்டையும் பக்கத்தில் வைச்சு, தடைத்திறனை மட்டும் பார்த்து, எது காஸ் எண்டு கேட்டால் எல்லாரும் குழாய்க்கிணற்றைத்தான் காட்டுவினம்.

அதனால ஒழுங்கு இது: முதலில் கிட்டடியில் ஒரு நீர் மணலைத் தேடி நீரின் தடைத்திறனைப் பிடி. பிறகுதான் காஸைப் பற்றிக் கதை.

மே 5, காலை 7.00
முருங்கன்

சரி. ஒரு சேர்க்கை. ஈசி குறைஞ்ச தண்ணியில் களி கலந்த மணல் இருந்தால் அந்த 110 வராது, குறைவாய்த்தான் வரும். களியின் மேற்பரப்பு தானே கடத்தும். ஆர்ச்சியை அங்கே நம்ப ஏலாது.

மே 5, காலை 7.25
பதில்

முழுக்கச் சரி. மேலே உள்ள 110 சுத்தமான மணலுக்கு மட்டும் எண்டு வாசியுங்கோ. உப்பு கூடின நீரில் களியின் பங்கு அமுங்கிப்போகும், நன்னீரில் அதுவே தலைதூக்கும்.

மே 5, இரவு 10.15
பதில்

கிணற்றின் விட்டத்தைக் காட்டுற கலிப்பர் கோட்டைப் பற்றி ஒருத்தரும் கேட்கேல்லை. அதைத்தான் முதலே எழுதியிருக்க வேணும்.

அடர்த்திக் கருவி கிணற்றுச் சுவரில் ஒட்டிக்கொண்டு போற ஒரு பட்டை. 10, 15 சென்ரிமீற்றருக்கு மேலே உள்ளே பார்க்காது. சுவர் இடிஞ்சு குழி விழுந்த இடத்தில் பட்டைக்கும் பாறைக்கும் நடுவில் துளைச்சேறு (துளைக்கும்போது கிணற்றுக்குள்ளே விடுற சேறு) நிக்கும். கருவி சேற்றின் அடர்த்தியை வாசிக்கும். எண் 2.20 க்கு இறங்கும், நீங்கள் காஸ் எண்டு மகிழுவீங்கள். துளைச்ச அளவு எட்டரை அங்குலம், கலிப்பர் பத்து காட்டினால் அந்த இடத்து அடர்த்தியை நம்பாதேங்கோ. அடர்த்தித் திருத்தக் கோடு 0.1 ஐத் தாண்டினாலும் அப்படியே. சேற்றில் பேரைட் (பாரம் கூட்டப் போடுற கனிமம்) கலந்திருந்தால், கல்லின் வகையைச் சொல்லுற ஒளிமின் உறிஞ்சல் கோடு எதுக்கும் உதவாது. பேரைட் அதை விழுங்கிவிடும்.

குழி விழுறது கூடுதலாய் ஷேலில். மணலில் நேர்மாறாய்ச் சேற்றுத்தோல் படிஞ்சு கலிப்பர் சற்றுச் சுருங்கும். அந்தச் சுருக்கம் நல்ல செய்தி: அங்கே திரவம் உள்ளே போயிருக்கு, படை ஊடுபுகவிடுகிறது.

உள்ளே போன அந்தச் சேற்றுநீர் காஸை அப்பால் தள்ளும். அடர்த்தியும் நியூத்திரனும் பார்க்கிறது தள்ளுப்பட்ட அந்த ஓரத்தைத்தான். துளைச்சு முடிச்சுக் கேபிளில் கருவி இறக்கிறதுக்குள்ளே நாள்கள் போனால் 15 இருந்த இடைவெளி 8 ஆகலாம். துளைக்கும்போதே எடுத்த லொக் இருந்தால் இரண்டையும் பக்கத்தில் வைச்சுப் பாருங்கோ. முதலில் அகலம், பிறகு ஒடுக்கம் எண்டு வந்தால் அதைவிட நல்ல சாட்சி கிடைக்காது.

மே 7, பகல் 1.05
மாணவி

கலிப்பர் மூன்று இடத்திலும் நேராய் நிக்குது, பார்த்திட்டன். இன்னொரு கேள்வி. 2,775 க்குக் கிட்ட காமா 85, தடைத்திறன் 3 மட்டும். இடைவெளியே இல்லை. ஆனால் துளைக்கும்போது எழுதின காஸ் பதிவில் அந்த இடத்தில் ஒரு ஏற்றம் இருக்கு. விட்டுவிடவா?

மே 7, இரவு 8.30
பதில்

விடாதேங்கோ. மெல்லிய அடுக்கு மணலாய் இருக்கலாம். விரல் தடிப்பு மணல், விரல் தடிப்பு ஷேல் எண்டு மாறி மாறிக் கிடந்தால் ஒரு கருவியும் தனித்தனியாய்ப் பிரிச்சு வாசிக்காது.

கணக்கைப் பாருங்கோ. பாதி மணல், காஸ் நிரம்பினது, 30 ஓம் மீற்றர். பாதி ஷேல், 1.5. நிலைக்குத்தான கிணற்றில் மின்னோட்டம் அடுக்குக்குச் சமாந்தரமாய் ஓடும். சமாந்தரத் தடைகள் மாதிரி, கடத்துற பக்கமே வெல்லும். 0.5 ஐ 30 ஆல் வகுத்து, 0.5 ஐ 1.5 ஆல் வகுத்து, கூட்டித் தலைகீழாக்க 2.9 ஓம் மீற்றர். நீங்கள் கண்ட 3! பாதிக் கல்லில் நல்ல காஸ் இருந்தும் கோடு அதை மறைக்குது. அடுக்குக்குச் செங்குத்தாய் அளக்கிற கருவி இருந்திருந்தால் 15.8 காட்டியிருக்கும். அந்த இரண்டு எண்ணுக்கும் உள்ள தூரமே அடுக்கு மணலின் அடையாளம்.

இடைவெளி இல்லாததுக்குக் காரணமும் ஷேல்தான். களியில் கட்டுண்ட நீர் நியூத்திரனை ஏத்திவிடும், காஸ் இறக்கினதை அது நிரப்பிவிடும். கிணற்றுச் சுவரைப் படமாய்க் காட்டுற படிமக் கருவியில் அடுக்கு தெரியுதா எண்டு பாருங்கோ. துளைக்குள்ளே உள்ள ஐதரசனை அளக்கிற அணுக்காந்த லொக் இருந்தால் அதையும். ஆனால் அதிலும் காஸ் துளைமையைக் குறைச்சே காட்டும், அடர்த்தியோடு சேர்த்துத்தான் வாசிக்க வேணும்.

மே 8, காலை 6.10
பதில்

காமாவிலிருந்து களி வீதம் எடுக்கிறதுக்கு நேர்கோட்டைப் பாவிச்சால் உங்கட முதல் மணலில் 17 வீதம் வரும். மூன்றாம் யுகத்து இளம் பாறைக்கான லாரியொனோவ் வளைகோட்டில் 4 வீதம். எந்தக் காலத்துப் பாறை எண்டு தெரியாமல் வளைகோட்டைத் தெரியவேண்டாம்.

இதோடு எங்கட நிலத்துக்கே உரிய ஒரு விஷயம். வன்னி நிலத்தின் அடியில் கிடக்கிற படிகப் பாறைக்குப் புவியியலில் பெயரே வன்னித் தொகுதி. அதின்ர கிரனைட் நைஸை உடைச்சுப் பாருங்கோ. இளஞ்சிவப்பாய், தட்டையாய் மினுங்குற மணி பொற்றாசியம் பெல்ஸ்பார். அருவியாறு இண்டைக்கும் இந்தக் கல்லின் மணலை மன்னார்க் கடலுக்குத்தான் கொண்டுபோகுது. இப்படிப் பிறந்த மணல் கடலடியில் இறுகினால் அதில் களி துளியும் இல்லாமலே காமா ஏறும், ஏனெண்டால் பொற்றாசியம் 40 கதிர் வீசும். காமா 80 எண்டு கண்டு களி எண்டு தள்ளிவிட்டால் நல்ல மணலைத் தள்ளினதாய்ப் போகும். தோரியம், பொற்றாசியம் பிரிச்சுக் காட்டுற நிறமாலைக் காமா இருந்தால் தோரியக் கோட்டை நம்புங்கோ. இல்லாவிட்டால் அடர்த்திக்கும் நியூத்திரனுக்கும் உள்ள இடைவெளியிலிருந்து களியைக் கணக்கிடுங்கோ. ஆனால் காஸ் மணலில் அந்த வழி களியைக் குறைச்சுச் சொல்லும் எண்டதை மறக்கவேண்டாம்.

2,775 இன் 85 ஐயும் இந்தக் கண்ணால் திரும்பப் பாருங்கோ. அடுக்கு மணல் எண்டு நேற்று எழுதினன். காஸ் நிரம்பின பெல்ஸ்பார் மணல் எண்டால் தடைத்திறன் 3 ஆய் விழக் காரணம் இல்லை, ஆகவே இப்பவும் அடுக்கு எண்டுதான் நினைக்கிறன்.

மே 8, இரவு 7.50
முருங்கன்

மன்னார்க் கடலில் உண்மையாய்க் கிடைச்சது எவ்வளவு தடிப்பு?

மே 8, இரவு 8.40
பதில்

பேசாலையில் 1974இல் சோவியத் உதவியோடு துளைச்சினம். ஆழ்கடலில் கண்டது 2011இல்: டொராடோ கிணற்றில் காஸ் உள்ள கிட்டத்தட்ட 25 மீற்றர் மணற்கல், 3,044 க்கும் 3,069 க்கும் இடையில். பரகூடா கிணற்றில் 4,067 க்குக் கீழே மூன்று மணற்கல் படையில் சேர்த்து 24 மீற்றர். துளைச்சது கெயர்ன் நிறுவனம், ஜப்பானின் சிக்யு கப்பலில். 2015இல் அவை அந்தப் பகுதியைக் கைவிட்டுப் போயிட்டினம்.

25 மீற்றர் எண்டது ஒரு தென்னையைவிடக் கொஞ்சம் உயரம். இவ்வளவு மெல்லிய படையில் ஒவ்வொரு மீற்றரும் காசு. அதனாலதான் எங்கட பிள்ளைகள் இந்தக் கணக்கைச் சரியாய்ப் பழக வேணும் எண்டு இவ்வளவு நீட்டி எழுதிறன்.

மே 10, இரவு 9.20
மாணவி

எல்லாம் திருத்திப் போட்டன். துளைமை 21, நீர் 31. காஸும் நீரும் சந்திக்கிற மட்டம் 2,832 எண்டு எழுதினன். படை அங்கே முடியுதுதானே.

மே 10, இரவு 10.05
பதில்

அந்த வரியை மட்டும் அழியுங்கோ. 2,832 இல் முடியுறது மணல், காஸ் இல்லை. கீழே ஷேல் தொடங்கிட்டுது, அவ்வளவுதான். நீங்கள் அறிஞ்சது இரண்டு: 2,832 வரை காஸ் கண்டது, 2,846 இலிருந்து நீர் கண்டது. நடுவில் உள்ள 14 மீற்றரில் எங்கேயும் மட்டம் இருக்கலாம்.

படை அமுக்கம் அளந்த புள்ளிகள் தந்திருக்கினமா?

மே 10, இரவு 10.30
மாணவி

இருக்கு. 2,812 இல் 4,118.0 பிஎஸ்ஐ. 2,820 இல் 4,120.0. 2,828 இல் 4,122.0. கீழ் மணலில் 2,848 இல் 4,139.0, 2,858 இல் 4,153.5.

மே 11, காலை 5.50
பதில்

அருமையான தரவு. மேல் மூன்றும் ஒரே கோட்டில், மீற்றருக்கு 0.25 பிஎஸ்ஐ. நீருக்கு இது வரவே வராது, எண்ணெய்க்கும் வராது. காஸ் எண்டதுக்கு வேற சாட்சி தேவையில்லை. கீழ் இரண்டும் மீற்றருக்கு 1.45, உப்பு நீர். இரண்டு கோட்டையும் நீட்டினால் 4,124.5 பிஎஸ்ஐயில் சந்திக்கும், ஆழம் 2,838.

கவனிக்க வேண்டியவை. நீர்ப் பக்கம் இரண்டே புள்ளி, அதில் ஒன்று பிழைச்சாலும் தெரியவராது. அளவியில் 1 பிஎஸ்ஐ பிழை வந்தால் மட்டம் 0.8 மீற்றர் நகரும். ஊடுபுகவிடாத இறுகின இடத்தில் சேற்றின் அமுக்கம் ஏறி நிக்கும், அந்தப் புள்ளி எப்பவும் வலப்பக்கம் தள்ளி விழும். அப்படி ஒன்று இருந்தால் நீக்கிவிட்டுத்தான் கோடு கீற வேணும். கிணறு சாய்ஞ்சு போனதெண்டால் கேபிள் நீளத்தை வைச்சுச் சரிவு எடுக்காதேங்கோ, நிலைக்குத்து ஆழத்துக்கு மாத்துங்கோ.

ஆகப் பெரிய நிபந்தனை: மேல் மணலும் கீழ் மணலும் இந்தக் கிணற்றுக்கு அப்பால் எங்கேயாவது தொடுக்குப்பட்டிருக்க வேணும். இடையில் உள்ள 14 மீற்றர் ஷேல் எல்லா இடமும் மூடியிருந்தால் 2,838 எண்ட எண்ணுக்கு ஒரு அர்த்தமும் இல்லை. இதை லொக் சொல்லாது, நில அதிர்வுப் படம் சொல்லலாம்.

அறிக்கையில் இப்படிப் போடுங்கோ: கண்ட காஸின் அடி 2,832. கண்ட நீரின் முடி 2,846. மணல்கள் தொடர்பில் இருந்தால் அமுக்கக் கோடுகள் சந்திக்கிற மட்டம் 2,838.

மே 11, பகல் 12.40
மாணவி

போட்டிட்டன். 2,775 ஐத் தனிப் பந்தியாய், படிமக் கருவி ஓடவேணும் எண்டு கேட்டு எழுதியிருக்கிறன். 2,905 இன் துளைத்தூள் விவரம் இண்டைக்குத்தான் கிடைச்சது: கருஞ்சாம்பல், நுண்மணி, மணல் இல்லை.